முப்பத்தாறு மில்லிமீட்டர்

அந்த ஸ்கேன் மையத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தது வரவேற்பில் உட்காரும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் பேசுவதாக நினைத்துக்கொண்டு முன்னாலேயே பேசுவது அந்தப் பெண்ணின் பழக்கம். "மில்லிமீட்டர் வந்தாச்சா?", "மில்லிமீட்டர் இன்னிக்கு என்ன மூட்ல இருக்கு?" எல்லாம் இவள் காதில் தாராளமாக விழும். கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடத்தான். சென்டிமீட்டர் என்று வைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

பதினோரு வருஷமாகக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறாள். எடுப்பதும் அளப்பதும் அவள் வேலை. பார்த்துக் கையெழுத்துப் போடுவது டாக்டர் வேலை. குழந்தையின் தலை, தொடை எலும்பு, இதயத் துடிப்பு என்று அளப்பதற்கு ஆயிரம் இருந்தாலும் அவள் கறாரெல்லாம் ஒரே ஓர் அளவில்தான். கர்ப்பப்பை வாயின் நீளம். வாய் என்று பெயரே தவிர, பார்க்கக் கழுத்து மாதிரி இருக்கும். மேலே குழந்தை கனக்கக் கனக்க, அது நழுவாமல் மாதக் கணக்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இத்தனூண்டு சதைதான். அது நீளமாக மூடியிருக்கும்வரை பயமில்லை. இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேச ஆரம்பிப்பார். நேரத்தோடு தெரிந்தால் மருந்து வைக்கலாம், ஒரு தையல் போட்டுக் கட்டி வைக்கலாம். தெரியாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

அதைச் சரியாக அளக்க வேண்டுமானால் மெல்லிய கருவியை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது சுலபம், யாருக்கும் கூச்சமில்லை, ஆனால் நிறைந்த மூத்திரப்பை மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கும். திறந்திருப்பதை மூடியிருப்பதாகக் காட்டும். பத்தொன்பதை முப்பதுக்கு மேலே இழுத்துக் காட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் எடுக்கும் முதல் பாடம் இதுதான். "நெறஞ்ச மூத்திரப்பை மாதிரி ஒரு பொய்யன் இந்த உலகத்துல கெடையாது. அது சொல்றத எழுதினா நாமளும் பொய்யங்கதான்."

வரவேற்புப் பெண்ணோ வருகிறவர்கள் எல்லாரையும் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைப்பாள். மூன்றாம் மாதமா, ஆறாம் மாதமா என்ற வித்தியாசமெல்லாம் அவளுக்குக் கிடையாது. வருகிறவர்கள் முகம் வெளிற, நடக்க முடியாமல் நடந்து வந்து, "அக்கா, ரெண்டு பாட்டில் குடிச்சிருக்கேன்" என்று ஏதோ சாதித்த மாதிரி சொல்வார்கள். "ரொம்ப சந்தோஷம். போய் எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க" என்பாள் மில்லிமீட்டர். உள்ளே வைத்துப் பார்ப்பது வேண்டாம் என்று அழுதவர்கள் உண்டு, கணவனைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஒரு வக்கீலம்மா படுக்கையில் உட்கார்ந்தபடியே சட்டம் பேசினார். இவள் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்து, "சரிங்க மேடம், பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றாள். வக்கீலம்மா போய்விட்டு வந்து படுத்துக்கொண்டார்.

ரிப்போர்ட்டுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் உண்டு. எப்படிப் பார்த்தது என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: 'உள்வழி, மூத்திரப்பை காலி', 'வயிற்றின் மேல்'. அவளுக்கு இரண்டாவது கட்டம் தேவைப்பட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் எதற்கு வீணாகச் சொடுக்க வேண்டும் என்று, கம்ப்யூட்டர்காரரிடம் சொல்லி முதல் கட்டத்தில் டிக் தானாகவே விழுந்திருக்கும்படி மாற்றி வைத்துக்கொண்டாள். அவள் கறாருக்கு மிஷினே சாட்சி சொன்ன மாதிரி அது நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அந்தக் கறாருக்கு மரியாதை குறைவு. ஒன்பது வருஷம் முன்னால் மருமகளாக வந்தபோது, "ஆஸ்பத்திரியில வேலை" என்று மட்டும்தான் மாமியார் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். என்ன வேலை என்று துருவிக் கண்டுபிடித்தது நாத்தனார். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் எல்லாருக்கும் அவள் குட்டிதான். அப்போது பதினேழு வயது. நாக்குக்கும் மூளைக்கும் நடுவில் கதவே இல்லாத வயது.

ஒரு நாள் சாயங்காலம் குட்டி வெயிலில் அலைந்துவிட்டுத் தாகத்தோடு வந்தாள். புதுப் பெண்ணல்லவா, மில்லிமீட்டர் ஓடிப்போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குட்டி வாங்கினாள். உதடுவரை கொண்டுபோனவள் அண்ணியின் கையைப் பார்த்தாள். தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். தம்ளரை இரண்டு தடவை கழுவினாள். தானே பிடித்துக் குடித்தாள். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. கண்ட எடத்துல வைக்கிற கை. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அடுப்படியில் நின்ற மாமியாரும் சிரித்தார். மில்லிமீட்டரும் சிரித்து வைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் தொட்டியில் போயிற்று. ஒரு நாளைக்கு நூறு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிற கை அது, தோல் உரிந்து கிடக்கிற கை. அன்று ராத்திரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அழுதாள். மறுநாளிலிருந்து குட்டிக்கு எதையும் கையில் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தாள். மேஜைமேல் வைப்பாள், குட்டி எடுத்துக்கொள்வாள். ஒன்பது வருஷத்தில் அதை ஒருத்தரும் கவனித்ததில்லை. குட்டி வளர்ந்தாள், வாய் அடங்கிற்று, நல்ல பெண்ணாகவே ஆனாள். கல்யாணமாகிப் போன பிறகு அம்மாவைவிட அண்ணிக்குத்தான் அதிகமாகப் போன் செய்தாள். மில்லிமீட்டரும் இனிக்க இனிக்கப் பேசுவாள். மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மேஜைமேல் வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

குட்டிக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது நின்றதும் டாக்டர் முதல் நாளே எச்சரித்தார். பதினாறாவது வாரம் ஸ்கேனுக்கு வந்துவிட வேண்டும், கர்ப்பப்பை வாயின் நீளத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் உள்வழியாக. சீட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். புகுந்த வீட்டில், "எங்க காலத்துல இத்தன ஸ்கேனா பாத்தோம்?" என்று இழுத்தடித்ததில் வந்து சேர்ந்தபோது இருபதாவது வாரம்.

அன்று காலையில் மையத்தில் நிற்க இடமில்லை. குட்டி தன் அம்மாவோடு வந்து வரிசையில் உட்கார்ந்தாள். வரவேற்புப் பெண் வழக்கம்போல ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். குட்டி சொன்ன பேச்சைக் கேட்டு முழுசாகக் குடித்தாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர். மில்லிமீட்டர் கதவைத் திறந்து ஒவ்வொருத்தரையும் கூப்பிடும்போதே, "பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா? போயிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "என் மருமகதான்" என்றார்.

குட்டியின் முறை வந்தது. மாமியார் பையோடு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார். குட்டி மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். படுக்கையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துத் தட்டில் உறை மாட்டித் தயாராக இருந்த மெல்லிய கருவியைப் பார்த்தாள்.

"அண்ணி, இததான் உள்ள வைப்பீங்களா?"

"ஆமா. சீட்டுல அப்படித்தானே எழுதியிருக்கு."

"வேணாமே அண்ணி. வேற யாராவதுன்னா கண்ண மூடிக்கிட்டுப் படுத்துருவேன். உங்க கையால... எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

அதே வார்த்தை. ஒன்பது வருஷமாகத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்த தண்ணீர் அந்த அறைக்குள் சடசடவென்று கேட்டது. குட்டி அதோடு நிறுத்தவில்லை, "நாளைக்கு உங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன், வெக்கமா இருக்காதா?" என்றும் சொன்னாள். மில்லிமீட்டருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. உங்க கையால என்றதிலேயே அவள் நின்றுவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு மனப்பாடம். இது ஊசி இல்லம்மா, ரெண்டே நிமிஷம், போய்ட்டு வந்து படுங்க. அதுவும் ஆகவில்லையென்றால் பக்கத்து அறையில் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு நீ பாரு" என்றிருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. வரவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை. வந்தது. நான் எதுக்குக் கெஞ்சணும், இந்தக் கை ஆகாதுன்னா போகட்டுமே என்ற வீம்பும் கூடவே வந்தது. வீம்புதான் ஜெயித்தது.

"உன் இஷ்டம்" என்றாள்.

அதையும் எப்படிச் சொன்னாள் என்கிறீர்கள்? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டா, வெடுக்கென்றா? இல்லவே இல்லை. அத்தனை மென்மையாகச் சொன்னாள். குட்டி பெருமூச்சு விட்டு, "தேங்க்ஸ் அண்ணி" என்று வயிற்றைக் காட்டிப் படுத்தாள்.

ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையின் பாதியை மூத்திரப்பையே அடைத்துக்கொண்டிருந்தது, கருகருவென்று, ஊதிய பலூன் மாதிரி. அதற்கும் கீழே கர்ப்பப்பை வாய் அமுங்கி நீண்டு கிடந்தது. இரண்டு புள்ளிகளை வைத்தாள். முப்பத்தாறு. வழக்கமாக மூன்று தடவை அளந்து, இருப்பதில் குறைந்ததைத்தான் எழுதுவாள். அன்று ஒரு தடவையோடு விட்டாள். "அண்ணி, கை ஆட்டுது பாருங்க!" என்று குட்டி திரையைப் பார்த்துக் கத்தினாள். "ம்" என்றாள் மில்லிமீட்டர்.

எழுத உட்கார்ந்தாள். படிவத்தில் 'உள்வழி, மூத்திரப்பை காலி' என்ற கட்டத்தில் டிக் தயாராக இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் டிக்கைச் சொடுக்கி நீக்கி, மற்றதைச் சொடுக்கி, ஏன் என்று ஒரு வரி காரணமும் எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது? நாத்தனாருக்கு என் கை பிடிக்கவில்லை என்றா? அம்புக்குறி அந்தக் கட்டத்தின்மேல் போய் நின்றது. மாமியார் கதவைத் தட்டித் தலையை நீட்டினார்.

"முடிஞ்சுதா? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

டாக்டர் எண்ணைப் பார்த்தார், எடுத்தது யார் என்று பார்த்தார். "உங்க அண்ணி எடுத்ததா? அப்ப ரெண்டாவது தடவை பாக்க வேண்டியதில்ல. முப்பத்தாறு, ரொம்ப நல்ல அளவு. நாலு வாரம் கழிச்சு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார். தையலும் இல்லை, மருந்தும் இல்லை.

நாலு வாரம் தேவைப்படவில்லை. பதினாறாம் நாள் காலையில் குட்டிக்கு முதுகு வலித்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினொன்றரைக்குக் குழந்தை பிறந்தது, பெண். இருபது நிமிஷம் உயிரோடு இருந்தது. மில்லிமீட்டர் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கைத்துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்தத் துண்டே அதற்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு குட்டியின் படத்தை மிஷினிலிருந்து எடுத்தாள். கோபமும் வீம்பும் இல்லாமல் பார்த்தால் எதுவும் தெளிவாகத்தான் தெரிகிறது. நீளம் என்று அவள் அளந்ததில் பாதி கர்ப்பப்பை வாயே இல்லை. மூத்திரப்பை அழுத்தியதில் ஒட்டிக்கொண்ட கர்ப்பப்பையின் சுவர். உள்பக்கத்து வாய் எங்கே என்று தேடிப்பிடித்து, புள்ளியை நகர்த்தி, மறுபடி அளந்தாள். பத்தொன்பது. இன்னொரு தடவை அளந்தாள். பத்தொன்பதுதான். மூன்றாவது தடவை அளக்கக் கை வரவில்லை. பாவி, நான் ஒரு பாவி என்று வாய்விட்டே சொன்னாள். அறையில் மிஷினைத் தவிர யாருமில்லை.

குட்டியை உடம்பு தேறட்டும் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. மாப்பிள்ளை இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் செய்தார், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. புகுந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று மெல்ல மெல்லத் தெரியவந்தது. வலி வருவதற்கு மூன்று நாள் முன்னால் குட்டி அலமாரி மேலிருந்து ஒரு காலிப் பச்சைப் பெட்டியை இறக்கியிருக்கிறாள். அதை அவளே ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டு சொன்னாள். பேசக் காத்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அளவெல்லாம் சரியாக இருந்தது, ரிப்போர்ட் கையில் இருக்கிறது, இவள்தான் பெட்டியைத் தூக்கிப் பிள்ளையைக் கொன்றாள் என்று முடிந்துவிட்டது.

மில்லிமீட்டர் தினமும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள், தினமும் சொல்லாமல் படுத்தாள். சொன்னால் வேலை போகும், பெயர் போகும், கணவன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் குட்டி கொலைகாரியாகவே இருப்பாள். அது மட்டுமில்லை, அடுத்த தடவை பார்க்கிற டாக்டரும் அந்த முப்பத்தாறைப் பார்த்து, இவளுக்குக் கர்ப்பப்பை வாயில் கோளாறு இல்லை என்று சும்மா இருந்துவிடுவார். மூன்றாவதும் போகும். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க ஐந்து வாரம் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். கூடத்தில் மாமியாரும் மில்லிமீட்டரின் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள். குட்டி சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். மாப்பிள்ளை இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். குட்டியின் துணிமணிகள். அதில் ஒன்று அவள் அலமாரியிலிருந்து இறக்கிய அதே பச்சைப் பெட்டி. வேறு பெட்டியே கிடைக்கவில்லையா இவர்களுக்கு என்று மில்லிமீட்டருக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கொதிக்க இவளுக்கு என்ன யோக்யதை இருக்கிறது?

சம்பந்தியம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"நீளம் முப்பத்தாறு. உள்வழி. மூத்திரப்பை காலி. டாக்டர் கையெழுத்து. இதுக்கு மேல என்ன வேணும்? ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. புத்தியிலதான் கொறை. நான் சண்டைக்கு வரல சம்பந்தி. கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அந்தப் பெட்டிகளைப் பார்த்தாலே தெரிந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தியம்மா மில்லிமீட்டர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீதானே எடுத்த? அளவு சரிதானே?"

அவள் வாயைத் திறக்கும் முன் மாமியார் அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்தார். "என் மருமக ஒரு மில்லிமீட்டர் தப்ப மாட்டா. அங்க எல்லாரும் அவள அப்படித்தான் கூப்புடுறாங்க."

"தண்ணி கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மில்லிமீட்டர் சமையலறைக்குள் ஓடினாள்.

குட்டி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஐந்து வாரத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்திருந்தது. கூடத்தில் பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அவள் மெதுவாகச் சொன்னது வேறு.

"அண்ணி, நீங்க உள்ள வச்சுப் பாக்கலேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

தண்ணீர் எடுக்கப் போன மில்லிமீட்டர் திரும்பினாள்.

"உங்க வேலை போயிரும்" என்றாள் குட்டி. "நான் கேட்டதுக்காகத்தானே விட்டீங்க. அன்னிக்கு எல்லாரையும் பாத்ரூம் போகச் சொல்லி வெரட்டினீங்க, என்ன மட்டும் ஒண்ணும் சொல்லல. நம்ம மேல எவ்ளோ பாசம்னு நெனச்சுக்கிட்டேன். அம்மாவா இருந்தாக் கத்தியிருப்பாங்க. எங்க அத்தையா இருந்தா அடிச்சிருப்பாங்க. நீங்க, உன் இஷ்டம்னீங்க. அந்த வார்த்தைய என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல அண்ணி. நானா கூச்சப்பட்டேன், நானா பெட்டியத் தூக்கினேன். என்னோட போகட்டும்."

இதற்கு மேலும் சும்மா இருந்தால் அவள் மனுஷியே இல்லை. தண்ணீரையும் மறந்து வெறுங்கையோடு கூடத்துக்கு வந்தாள் மில்லிமீட்டர். நடுவில் நின்றாள். சொன்னாள்.

"அந்த ரிப்போர்ட் தப்பு. நான் உள்ள வச்சுப் பாக்கல. வயித்து மேல வச்சு, மூத்திரப்பை நெறஞ்சிருக்கும்போதே பாத்தேன். அளவு முப்பத்தாறு இல்ல, பத்தொம்பது. அப்பவே தெரிஞ்சிருந்தா தையல் போட்டிருப்பாங்க. பெட்டியத் தூக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தப்பு என்னோடது."

"ஏய், என்ன பேசற நீ?" என்று கணவன் எழுந்தான். சம்பந்தியம்மா ரிப்போர்ட்டைத் திருப்பி, டிக் விழுந்த கட்டத்தை விரலால் தட்டினார்.

"இங்க நீயே எழுதியிருக்கியேம்மா, உள்வழின்னு. எதுக்கு எழுதின?"

"அது தானா விழுற டிக். நான் எடுக்கல."

சொல்லும்போதே அது எவ்வளவு சொத்தையாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. சம்பந்தியம்மாவின் முகத்தில் கோபம் வரவில்லை. இரக்கம் வந்தது.

"நல்ல மனசு உனக்கு. நாத்தனார் வாழ்க்கை போகக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குற. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

மாப்பிள்ளை மட்டும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. நம்ப வேண்டும் என்று ஆசையாகவும் இருந்திருக்கலாம். சமையலறை வாசலில் வந்து நின்ற மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொல்லு. அக்கா சொல்றது நெஜமா? உள்ள வச்சுப் பாக்கலயா?"

ஒரு 'ஆமாம்' போதும். அந்தப் பெட்டிகள் இரண்டும் திரும்பிப் போயிருக்கும். குட்டி கணவனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"பாத்தாங்க" என்றாள். "பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லி, உள்ள வச்சுத்தான் பாத்தாங்க. அண்ணி எனக்காகப் பொய் சொல்றாங்க."

"இல்ல தம்பி, இவதான்..." என்று மில்லிமீட்டர் பதறினாள். யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தியம்மா ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டு, பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது மில்லிமீட்டரின் கையைப் பிடித்து, "உன்ன மாதிரி ஒரு அண்ணி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. மாமியார் விம்மிக்கொண்டே உள்ளறைக்குள் போனார். கணவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனான். அவனும் பொய்யென்றுதான் நினைத்தான், நல்ல பொய் என்று.

கூடத்தில் பெட்டிகளும் அவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

"என்ன காரியம் பண்ணிட்ட குட்டி?"

"விடுங்க அண்ணி. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது பொழப்பு இருக்கட்டும்."

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன். படம் இருக்கு, அவங்க பாத்தா அவங்களுக்கே தெரியும். அடுத்த தடவை உனக்கு..."

"அடுத்த தடவையா?" என்று குட்டி சுவரோரத்துப் பெட்டிகளைப் பார்த்தாள். "எனக்காக நீங்க இவ்ளோ செய்யணுமா அண்ணி?"

இதைத்தான் மில்லிமீட்டரால் தாங்க முடியவில்லை. அடி, திட்டு, காறித் துப்பு, எதற்கும் தயாராகத்தான் கூடத்துக்கு வந்தாள். இந்த நன்றிக்குத் தயாராக வரவில்லை. மிச்சமிருப்பதையும் சொல்லிவிட்டால் குட்டி வெறுப்பாள், வெறுத்தால் மாப்பிள்ளையிடம் போய் உண்மையைச் சொல்வாள், இரண்டில் ஒன்றாவது நடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் பாசத்துல விடல குட்டி. வீம்புல விட்டேன். அந்தத் தம்ளர மனசுல வச்சுக்கிட்டு, என் கை ஆகாதுன்னா உனக்கு என்ன ஆனா எனக்கென்னன்னு விட்டேன்."

குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நடிக்கத் தெரிந்த பெண் இல்லை அவள்.

"எந்தத் தம்ளர் அண்ணி?"